நாள்பட்ட வலி உள்ளவர்கள் நரம்பு டெஸ்டுக்குச் சம்மதிப்பதற்கு முன்: முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கும் இரண்டு பாதங்களிலும் நெடுநாள் எரிச்சல் உண்டு. நரம்பு டெஸ்டை எனக்கும் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, கையில் சீட்டை வைத்துக்கொண்டு குழம்பி நின்ற பலருக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் எதை, எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது “வலிக்குமா?” என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. என்ன டெஸ்ட், அது என் வலிக்குக் காரணமான இடத்தைப் பார்க்குமா, முடிவு வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் வலியை மட்டும் எடைபோட்டால், தேவையான டெஸ்டைப் பயந்து விட்டுவிடுவோம், அல்லது தேவையே இல்லாத டெஸ்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவோம்.

## 1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கின்றனவா?

நிதானமாக யோசிப்பதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு. சில நிலைகளில் நேரம் கிடையாது.

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் தேவைப்படுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நரம்பு டெஸ்டுக்கு நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது.

சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேல்நோக்கி ஏறிக்கொண்டே வந்தாலும் அப்படித்தான். அது குய்யான்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது) போன்ற நோயாக இருந்தால் மூச்சுக்கான தசைகள் வரை போகக்கூடும்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, கட்டைவிரல் அடிச்சதை சூம்பிப்போவது, பிடித்த பொருள் கையிலிருந்து விழுவது ஆகியவை வலியைவிடப் பெரிய சேதிகள். பலவீனமும் சதை இளைப்பும் இருந்தால் டெஸ்டின் பயன் பல மடங்கு கூடும். அப்படிப்பட்டவர்கள் வலிக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

## 2. சீட்டில் எழுதியிருப்பது எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்

“நரம்பு டெஸ்ட்” என்ற ஒரே பேரில் குறைந்தது ஐந்து விஷயங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றின் அபாயமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அனுபவம் உங்கள் டெஸ்டைப் பற்றியதாகவே இல்லாமல் போகலாம்.

என்.சி.எஸ். (நரம்புக் கடத்தல் டெஸ்ட்). இதைத்தான் பலரும் “ஷாக் டெஸ்ட்” என்கிறார்கள். தோலின் மேல் ஒட்டுப்பட்டை ஒட்டி, நரம்பின் மேல் சிறு மின்துடிப்பு கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகப் போகிறது என்று அளப்பார்கள். ஒவ்வொரு துடிப்பும் பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மில்லிவினாடிதான். சுளீரென்று அடிக்கும், தசை துள்ளும், அவ்வளவோடு முடியும். நரம்பைச் சேதப்படுத்தாது.

ஈ.எம்.ஜி. (தசையின் மின் அலைகளைப் பார்க்கும் ஊசி டெஸ்ட்). மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, தசை ஓய்வில் இருக்கும்போதும் இறுக்கும்போதும் எழும் மின் அலைகளைக் கேட்பார்கள். அந்த ஊசி வழியாக ஷாக்கும் போகாது, மருந்தும் போகாது. பெரும்பாலும் என்.சி.எஸ். முடிந்த கையோடு, அதே நாளில் செய்துவிடுவார்கள்.

தோல் பயாப்ஸி. கணுக்காலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே, மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 மி.மீ. அகலத்துக்குத் தோலை எடுத்து, அதிலுள்ள நுண் நரம்பிழைகளை எண்ணுவார்கள். சாதாரணமாகத் தையல் தேவைப்படாது. சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆற நாளாகலாம் என்பதுதான் முக்கியமான கவலை.

நரம்பு பயாப்ஸி. கணுக்கால் பக்கம் இருக்கும் சூரல் நரம்பின் ஒரு துண்டையே வெட்டி எடுப்பது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போவது நிரந்தரமாக நின்றுவிடலாம். சிலருக்கு அந்த இடத்தில் புதிய வலியும் தங்கிவிடும். ரத்தக்குழாய் அழற்சி, அமிலாய்டு (நரம்பில் தவறான புரதம் படிவது), கண்டுபிடிக்கச் சிரமமான தொழுநோய் போன்ற சில சந்தேகங்களுக்கு மட்டும் இது தகும். நாள்பட்ட வலிக்குக் காரணம் தேடி, மற்ற எதையும் பார்க்காமல் இதை எழுதிக் கொடுத்தால் இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

பரிசோதனை பிளாக். ஒரு நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, வலி குறைகிறதா என்று பார்ப்பது. ரத்தக்கசிவு, தொற்று, மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விடுவது போன்ற அபாயங்கள் அரிதாக உண்டு. வலி குறைந்தால்கூட அந்த நரம்புதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, காரணம் வேறாக இருந்தும் வலி குறைந்ததாகத் தெரிவது உண்டு.

இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றி. நம்மில் முக்கால்வாசிப் பேர் கையில் இருக்கும் சீட்டு அவற்றுக்கானதுதான்.

## 3. உங்கள் வலி வரும் நரம்பிழையை இந்த டெஸ்ட் பார்க்குமா?

இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நரம்புக்குள் தடித்த இழைகளும் உண்டு, மெல்லிய இழைகளும் உண்டு. தசையை அசைப்பது, தொடுவதையும் அதிர்வையும் உணர்வது, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது ஆகியவை தடித்த இழைகளின் வேலை. எரிச்சல், சூடு, குளிர், குத்தும் வலி ஆகியவற்றைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள்.

என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி. இரண்டும் தடித்த இழைகளை மட்டுமே பார்க்கும்.

ஆகவே, பாதம் தீயாய் எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை, ஆனால் நடையில் குறையில்லை, பலவீனமில்லை என்றால், ரிப்போர்ட் நார்மல் என்று வர நல்ல வாய்ப்பு உண்டு. நோய் மெல்லிய இழையில் இருக்கலாம், டெஸ்ட் அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை. “எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்” என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால், நாள்பட்ட வலிக்காரர்களுக்கு இந்த டெஸ்டின் பெரிய ஆபத்து ஷாக்கும் அல்ல, ஊசியும் அல்ல. தவறாகப் படிக்கப்படும் ஒரு நார்மல் ரிப்போர்ட்தான்.

அப்படியானால் எரிச்சல் மட்டும் உள்ளவர்கள் செய்யவே கூடாதா? அப்படி இல்லை. தடித்த இழைகளும் கெட்டிருக்கின்றனவா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஆனால் செய்வதற்கு முன்பே டாக்டரிடம், “இது நார்மல்னு வந்தா சின்ன நரம்புப் பாதிப்பு இல்லைன்னு அர்த்தமா டாக்டர்?” என்று துணை வந்தவர் காதில் விழும்படி கேட்டுவிடுங்கள். பிறகு வீட்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கழுத்து, இடுப்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும் வலியிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. அழுத்தம் பெரும்பாலும் உணர்வு நரம்பின் செல்முடிச்சுக்கு (அதன் செல்கள் கூடியிருக்கும் முடிச்சு) மேலே, தண்டுவடத்தை ஒட்டி இருக்கும். அதனால் கையிலோ காலிலோ செய்யும் உணர்வு நரம்பு என்.சி.எஸ். சரியாகவே வரும். விஷயம் தெரிவது ஊசி டெஸ்டில். அதிலும், வேரில் தசைக்குப் போகும் இழைகள் கெடாமல் வலி இழைகள் மட்டும் உறுத்தப்பட்டிருந்தால் ஊசி டெஸ்டும் நார்மலாக வரலாம்.

## 4. “முடிவு என்ன வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் “கோளாறு என்று வந்தால்”, மறுபக்கம் “நார்மல் என்று வந்தால்”. டாக்டர் சொல்வதை இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே பயிற்சி என்றால், இந்த டெஸ்ட் இப்போது அவசியமா என்று தாராளமாகக் கேட்கலாம். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நான் அடிக்கடி பார்த்த சில நிலைகள்:

சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது, இரண்டு பாதத்திலும் விரல் நுனியில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும் மதமதப்பு, எரிச்சல். இது வழக்கமான வடிவம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இப்படிப்பட்டவர்களுக்கு இந்த டெஸ்ட் அரிதாகவே தேவை என்றுதான் சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால், வேகமாகக் கூடினால், வலியைவிடப் பலவீனம் முன்னால் வந்தால் கதை வேறு. அப்போது சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

கை மரத்து இரவில் எழுப்புகிறது, மணிக்கட்டில் ஆபரேஷன் என்று பேச்சு வந்திருக்கிறது. இங்கே என்.சி.எஸ். செய்வது நல்லது. எவ்வளவு மோசம் என்று தெரியும், பிரச்சினை மணிக்கட்டிலா கழுத்திலா என்றும் தெரியும், ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிடவும் ஓர் அளவு கையில் இருக்கும். மணிக்கட்டுக்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் ஒரு வழி, அதில் வலியே இல்லை. நரம்பு எங்கே வீங்கியிருக்கிறது என்று காட்டும். தொட்டாலே தாங்காதவர்கள் அதைப் பற்றிக் கேட்கலாம்.

அடிபட்டோ ஆபரேஷனுக்குப் பிறகோ கை கால் வீங்கி, நிறம் மாறி, வியர்த்து, காற்றுப் பட்டாலும் வலிக்கும் சி.ஆர்.பி.எஸ். என்ற வலி நோய். இந்த நோயை நிர்ணயிப்பது புடாபெஸ்ட் அளவுகோல்களைக் கொண்டு, அதாவது அறிகுறிகளைக் கேட்டும் கண்ணால் பார்த்தும்தான். நரம்பு டெஸ்ட் அதற்குத் தேவையில்லை. குறிப்பிட்ட ஒரு நரம்பு அறுபட்டோ நசுங்கியோ இருக்கிறதா, அதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி இருந்தால் மட்டும் டெஸ்ட் பயன்படும். சி.ஆர்.பி.எஸ். உள்ள கையில் ஷாக்கும் ஊசியும் வலியைக் கடுமையாகத் தூண்டிவிடக்கூடும் என்பதால் இவர்களுக்கு அந்தக் கேள்வி மிகத் தெளிவாக இருக்க வேண்டும்.

உடம்பு முழுக்க நாள்பட்டு வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். உடம்பு முழுக்க வலி என்பதற்காக நான்கு கைகால்களிலும் டெஸ்ட் செய்வது எனக்குச் சம்மதமில்லை. வேறு நரம்பு நோய் சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் பார்க்கலாம்.

## 5. வலியில்லாத சோதனைகள் முடிந்துவிட்டனவா?

ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைக்கும் விஷயத்துக்கு ஊசியைத் தசைக்குள் விட வேண்டாம். சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), வைட்டமின் பி12, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) ஆகியவற்றைப் பார்த்தாகிவிட்டதா? பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைவது சாதாரணம். சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே. வயதானவர்களுக்கு ரத்தத்தில் மாறான புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற டெஸ்டும் எழுதுவார்கள், அது வீண் செலவல்ல.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி முழுத்தோலையும் பார்த்தாரா என்பதும் முக்கியம். உணர்ச்சியில்லாத தேமல், முழங்கையிலோ முழங்கால் வெளிப்புறத்திலோ தடித்த நரம்பு இருந்தால் தொழுநோய் சந்தேகம் வரும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம், சீக்கிரம் பிடித்தால் ஊனத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

இசைக்கவை (அதிர்வு உணர்வைப் பார்க்கும் கவை), நைலான் இழை, பஞ்சு, குண்டூசி வைத்து பாதத்தைச் சோதிக்க ஐந்து பத்து நிமிடம் போதும். அது நடக்காமல் நேரே டெஸ்டுக்கு அனுப்பினால், என்ன தேடுவது என்று தெரியாமல் டெஸ்ட் நீளும். நீண்டால் ஷாக்கும் ஊசியும் கூடும்.

## 6. உங்கள் உடம்புக்கே உரிய அபாயங்களை முன்கூட்டியே சொல்லுங்கள்

டெஸ்ட் மேசையில் படுத்த பிறகு சொல்வதைவிட, நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே டெக்னீஷியனுக்கும் அவசரம், நமக்கும் பதற்றம், ஏதாவது விட்டுப்போகும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கிளோபிடோக்ரெல், அபிக்சபான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: இவற்றுக்காக ஊசி டெஸ்டை மறுக்க வேண்டியதில்லை. ஆழத்தில் இருக்கும் தசைகளைத் தவிர்ப்பார்கள், ஊசியை எடுத்த பிறகு நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். வார்ஃபரின் என்றால் சமீபத்திய ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் மோசமான தவறு. தசைக்குள் சிறு ரத்தக்கட்டு வருவதைவிட, மாத்திரை நின்று மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வருவது எவ்வளவோ பெரிய ஆபத்து. தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் கருவிகள்: வழக்கமான என்.சி.எஸ். பொதுவாகச் செய்யலாம், கருவிக்கு அருகில் ஷாக் கொடுக்காமல் தள்ளிக் கொடுப்பார்கள். உடம்புக்கு வெளியே கம்பி வரும் தற்காலிக பேஸ்மேக்கர் என்றால் செய்யக் கூடாது. வலிக்காகத் தண்டுவடத்தில் ஸ்டிமுலேட்டர் என்ற மின்கருவி வைத்திருந்தால் அதை அணைக்க வேண்டியிருக்கும், அதன் ரிமோட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். இன்சுலின் பம்ப் இருந்தாலும் சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியிருப்பவர்களும், யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும்: நிணநீர் தேங்கிய கைகாலில் ஊசி குத்தினால் தொற்று பிடிக்கும் அபாயம் கூடுதல். முடிந்தவரை அந்தப் பக்கம் ஊசி வேண்டாம். புண், கொப்புளம், சிவந்து வீங்கிய தோல் இருக்கும் இடத்துக்கும் இதே விதி.

கழுத்தடி, தோள்பட்டை, விலாப் பகுதி, உதரவிதானம் ஆகிய இடங்களில் ஊசி போடுவதாக இருந்தால், நுரையீரலைத் தொட்டுவிடும் அபாயம் அரிதாக உண்டு. நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

தசை பயாப்ஸியும் செய்யப்போகிறார்கள் என்றால் ஊசி டெஸ்ட் ஒரு பக்கம், பயாப்ஸி மறுபக்கம் என்று முடிவு செய்வார்கள். ஊசி குத்திய தசையில் எடுத்த துண்டு குழப்பமான முடிவைத் தரும். தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. ரத்த டெஸ்டும் வேண்டுமென்றால் ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், ஊசிக்குப் பிறகு அது கொஞ்சம் ஏறித் தெரியலாம்.

## 7. வலி கிளம்பிவிடும் அபாயத்தைத் தனியாக எடைபோடுங்கள்

“கொஞ்சம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்” என்று சொல்வார்கள். வலி இல்லாத உடம்புக்கு அது பெரும்பாலும் உண்மை. வருடக்கணக்கில் வலி சுமக்கும் உடம்பில் நரம்பு மண்டலமே கூர்மையாகி நிற்கும், அதே ஷாக் பல மடங்காய் உறைக்கலாம். டெஸ்ட் முடிந்த பிறகும் சில நாள் வலி கிளம்பியே இருக்கலாம். இது உங்கள் கோழைத்தனம் அல்ல, வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் இரவு, வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, தூக்கம் எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். டெஸ்டுக்குப் பிறகு வலி உண்மையில் கூடியதா, வழக்கமான ஏற்ற இறக்கம்தானா என்று சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

முன்பு பல் பிடுங்கியபோதோ, ஊசி போட்டபோதோ, பிசியோதெரபிக்குப் பிறகோ எத்தனை நாள் வலி படுத்தியது என்று நினைத்துப் பாருங்கள். அதுவே நல்ல அளவுகோல். இரண்டு நாள் படுத்தியது என்றால் டெஸ்டுக்குப் பிறகு இரண்டு நாள் வேலை, பயணம், கல்யாணம், காது குத்து எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி மிகவும் கிளம்பியிருக்கும் வாரத்தில் டெஸ்ட் வேண்டாம், அவசரம் இல்லையென்றால் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

வலி கூடினால் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

## 8. நாளைச் சரியாகக் குறியுங்கள்

புதிதாக அடிபட்டோ, வட்டு பிதுங்கியோ வலி தொடங்கியிருந்தால், தசையில் ஊசி டெஸ்டுக்கான அடையாளங்கள் தெரியச் சுமார் மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே போனால் நார்மல் என்று வரக்கூடும், ஒரு மாதத்தில் மறுபடி போகச் சொல்வார்கள். ஒரே வலியை இரண்டு தடவை படவேண்டியிருக்கும். வருடக்கணக்கில் உள்ள வலிக்கு இந்தக் கணக்கு கிடையாது.

## 9. டெஸ்டைத் தேவையான அளவுக்குச் சுருக்கக் கேளுங்கள்

முழு டெஸ்ட் அல்லது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் நிறைய வழி உண்டு.

பாதத்தில் தொடங்கும் நரம்புச் சிதைவு சந்தேகம் என்றால் பல சமயம் என்.சி.எஸ். போதும், ஊசி தேவைப்படாது. “முதல்ல ஷாக் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, தேவைன்னா மட்டும் ஊசி வைக்கலாமா?” என்று கேட்கலாம். ஆனால் இடுப்பு நரம்பு வேர் சந்தேகத்துக்கு இதைக் கேட்காதீர்கள். அங்கே ஊசியை விட்டுவிட்டால் மிச்சம் இருக்கும் டெஸ்டில் பெரிதாகப் பயன் இல்லை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை தசை என்று கேட்கலாம். முதுகுத் தசையையும் சேர்த்து, நன்றாகத் தேர்ந்தெடுத்த ஆறு தசைகள் பெரும்பாலும் போதும்.

ஷாக்கின் வரிசையும் முக்கியம். எளிதான இடத்தில் தொடங்கி மோசமான இடத்தைக் கடைசியில் வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலிக்காரர்கள் பாதியில் நிறுத்தச் சொல்ல நேரும். அப்போது முக்கியமான நரம்பு பார்க்கப்படாமலே போய்விடும். ஆகவே, எது முடிவைத் தீர்மானிக்குமோ அதை முதலில் செய்யச் சொல்லுங்கள். மற்றவை முடிந்தால் நடக்கட்டும்.

தொட்டாலே வலிக்கும் இடம் எது என்று விரலால் சுற்றிக் காட்டுங்கள். சில நரம்புகளை அந்த இடத்தைத் தொடாமல், மேலே நல்ல தோலில் ஷாக் கொடுத்துப் பார்க்க முடியும். எஃப் அலை என்று ஒரு பகுதி உண்டு, அதில் ஒரே இடத்தில் பத்துக்குக் குறையாமல் தொடர்ந்து அடிக்கும். அது அவசியமா என்று கேட்டு, அவசியமென்றால் தொடங்கும் முன் சொல்லச் சொல்லுங்கள். எதிர்பார்த்து வாங்கும் ஷாக் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

## 10. டெஸ்ட் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரத்த டெஸ்ட் பழக்கத்தில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறார்கள்.

வழக்கமான மாத்திரைகளையும் சாப்பிடுங்கள். ப்ரீகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், வலி மாத்திரைகள் எதுவும் இந்த அளவீட்டைக் கெடுக்காது. திடீரென நிறுத்தினால்தான் தொல்லை. தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய்க்குச் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மட்டும் விதிவிலக்கு, அதை நிறுத்துவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சோப்புப் போட்டுக் குளித்து, எண்ணெய், தைலம், லோஷன் எதுவும் தடவாமல் போங்கள். தோலில் பிசுக்கு இருந்தால் சிக்னல் சரியாக வராமல், ஷாக்கைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பார்கள். வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றி வையுங்கள். தொடைவரை சுருட்டக்கூடிய தளர்ந்த உடை வேண்டும்.

கை கால் சூடாக இருக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏ.சி. அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விரல்கள் குளிர்ந்துவிடும். குளிர்ந்த நரம்பில் சேதி மெதுவாகப் போகும், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்துவிடும். கை 32 டிகிரி செல்சியஸ், கால் 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாக்ஸ், சால்வை கொண்டுபோங்கள், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதே காரணத்துக்காக வலிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மரத்துப்போகும் கிரீமையும் கேட்காமல் தடவாதீர்கள்.

## 11. அறைக்குள்

தொடங்கும் முன்பே ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். “நிறுத்துங்க” என்றால் உடனே நிறுத்த வேண்டும். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கையெழுத்துப் போட்டிருந்தாலும் உண்டு.

ஊசி உள்ளே இருக்கும்போது தசையைத் தளர்த்தச் சொல்வார்கள். வலிக்கிறதென்று இறுக்கினால் அலைகள் கலந்து, அதே இடத்தில் மறுபடி தேட வேண்டியிருக்கும். மூச்சை மெதுவாக வெளியே விடுவது உதவுகிறது. மின்னல் மாதிரி விரல் நுனிவரை பாய்ந்தால் சும்மா பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். கடைசியில் ஒட்டுப்பட்டைகளைப் பிய்க்கும்போது தொட்டாலே வலிப்பவர்களுக்கு உயிர் போகும், தண்ணீர் தொட்டு மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

## 12. அடுத்த இரண்டு நாட்கள்

ஊசி குத்திய தசையில் ஒன்றிரண்டு நாள் வலியும் சிறு ரத்தக் கன்றலும் சாதாரணம். அங்கே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையைக் கட்டி அசையாமல் வைத்துவிடவும் வேண்டாம். குறிப்பாக சி.ஆர்.பி.எஸ். உள்ளவர்கள் வழக்கமான மெல்லிய அசைவுகளை அன்றே தொடர வேண்டும், அசையாமல் இருப்பது வலியை வளர்க்கும்.

ஊசி குத்திய இடம் கல்லாய் வீங்கி வலி ஏறிக்கொண்டே போனால், சிவந்து காய்ச்சல் வந்தால், புதிதாகப் பலவீனம் வந்தால், நெஞ்சு அல்லது தோள் பக்கம் ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் போய்விடுங்கள்.

## 13. ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

கடைசி வரியை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எண்கள் உள்ள பக்கங்களும் அலைப் படங்களும் சேர்த்து வாங்குங்கள். அவை இல்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரியில் முதலிலிருந்து தொடங்குவார்கள், அந்த வலி முழுக்க மறுபடி.

வெப்பநிலை எழுதியிருக்கிறதா பாருங்கள். எந்தெந்த நரம்பு, எந்தெந்தத் தசை பார்த்தார்கள் என்றும் பாருங்கள். நீங்கள் வலி சொன்ன இடத்தின் நரம்பே பட்டியலில் இல்லாவிட்டால் “நார்மல்” என்ற சொல் அந்த இடத்துக்குப் பொருந்தாது.

சிறு கோளாறு என்று வந்தாலும் நிதானம் வேண்டும். வலியே இல்லாதவர்களுக்கும் மணிக்கட்டில் லேசான தாமதம் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். வயதானவர்களுக்குச் சூரல் நரம்பின் சிக்னல் கிடைக்காமலே போவதும் உண்டு. ரிப்போர்ட்டில் இருக்கும் கோளாறும் உங்கள் வலி இருக்கும் இடமும் ஒத்துப்போனால் மட்டுமே அடுத்த பேச்சு. ஒத்துப்போகாத ரிப்போர்ட்டை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

## 14. வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதுவும் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் சீட்டை மடித்து வைத்துவிட்டு வராமல் போவது சரியல்ல. என்ன காரணத்தால் இப்போது வேண்டாம் என்று சொல்லி, அதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த மாற்றம் தெரிந்தால் மறுபடி யோசிப்பது என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை இவை: குதிகாலால் பத்து அடி நடக்க முடிகிறதா, விரல் நுனியில் நிற்க முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது தள்ளாடுகிறதா (இதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்), இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவும் ஒன்றாக இருக்கிறதா. தையல் டேப் போதும். தேதி போட்டு எழுதுங்கள். இதில் ஒன்று மாறினாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள், அப்போது டெஸ்ட் வேண்டுமா என்ற கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.